புலியாக ஆடிய வரையாடு

ஒரு காட்டில், மேகம் வந்து முட்டுகிற உயரத்தில், ஒரு பெரிய வழுக்குப் பாறை இருந்தது. அதில் ஒரு வரையாட்டுக் கூட்டம் வாழ்ந்தது. வரையாடு தெரியுமா, குழந்தைகளே? கால் வைக்க இடமே இல்லாத செங்குத்துப் பாறையிலும் துள்ளிக்கொண்டு ஓடுகிற காட்டு ஆடு. பாறை மேல் இருக்கும்வரை அதை எந்த விலங்கும் தொட முடியாது. அதனால் அந்தக் கூட்டத்தில் யாரும் மலையை விட்டுக் கீழே இறங்கியதே இல்லை.

ஒருத்தியைத் தவிர. அவள் பெயர் கொம்பாத்தாள்.

கொம்பாத்தாளுக்கு வயதாகிவிட்டது. முகத்து ரோமம் நரைத்துவிட்டது. முன்னங்கால் மூட்டு ஒன்று, எழுந்திருக்கும்போதெல்லாம் சுள்ளென்று வலிக்கும். ஆனால் மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டியதோ இல்லையோ, அவளுக்கு இருப்புக் கொள்ளாது. கிளம்பிவிடுவாள். மூங்கில் காட்டில் முள்ளி என்கிற முள்ளம்பன்றி, ஆற்றங்கரையில் நீலி என்கிற நீர்நாய், அதற்கும் அப்பால் பெரிய ஏரியில் ஒரு கூழைக்கடாப் பறவை என்று, வழியெல்லாம் அவளுக்குத் தோழிகள். ஒவ்வொருத்தியோடும் நாலு நாள் தங்கி, வாய் வலிக்கப் பேசிவிட்டுத் திரும்புவாள்.

இவர்களில் முள்ளிதான் மிகப் பழைய தோழி. அவளுடைய வளை வாசலில் ஒரு தட்டைக் கல் கிடந்தது. அதில் கோடு கிழித்து இருவரும் ஆடுபுலி ஆட்டம் ஆடுவார்கள். மூன்று கறுப்புக் கல் புலிகள். பதினைந்து வெள்ளைக் கல் ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் சுற்றி நின்று புலியை நகரவிடாமல் கட்டும்.

ஆனால் அவர்கள் ஆட்டத்தை முடித்ததே இல்லை! புறப்படுகிற அன்று கொம்பாத்தாள் ஒரு கல்லை நகர்த்தி வைப்பாள். "இப்போது உன் முறை. நான் அடுத்த வருடம் வரும்வரை நன்றாக யோசி" என்பாள். முள்ளி அந்தக் கற்களின் மேல் தேக்கிலையை மூடி வருடம் முழுக்கக் காவல் காப்பாள். பாதி ஆட்டம் அங்கே காத்திருக்கும்போது கொம்பாத்தாளால் போகாமல் இருக்க முடியுமா?

இதில் இன்னொரு ரகசியமும் உண்டு. காதைக் கிட்டே கொண்டுவாருங்கள். அந்த ஆட்டத்தில் கொம்பாத்தாள் எப்போதுமே புலிதான்.

"பிறந்ததிலிருந்து ஆடாகவே இருந்தாயிற்று. விளையாட்டிலாவது புலியாக இருந்துவிட்டுப் போகிறேனே" என்பாள். முள்ளி தன் முட்கள் குலுங்கச் சிரிப்பாள். வரையாட்டுக் கூட்டத்துக்குத் தெரிந்தால் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள் என்று, இருவரும் இதைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை.

அந்த வருடம் மழை நின்று பதினைந்து நாள் ஆயிற்று. மூட்டு வலியால் கொம்பாத்தாள் இன்னும் கிளம்பவில்லை. அவளுடைய தங்கை மாயக்காளுக்கு அதில் பரம திருப்தி.

"அக்கா, இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த அலைச்சல்? பேசாமல் இங்கேயே இரு. அந்த மூங்கில் காட்டு முள்ளியும் மற்றவர்களும் உன்னை மறந்து எத்தனை நாளோ!" என்றாள்.

"மறந்திருந்தால் போய் நினைவுபடுத்திவிட்டு வருகிறேன்" என்றாள் கொம்பாத்தாள்.

இந்தப் பேச்செல்லாம் பாறைக்கு அடியில் படுத்திருந்த ஒரு நரியின் காதில் விழுந்தது. அந்த நரிக்குக் கொம்பாத்தாள் மேல் வெகு நாளாக ஒரு கண். அவள் போகிற வழியோ, முள்ளியின் வளை வாசல்வரை, பாறை விளிம்பு. அங்கே நரியின் கால் நிற்காது. எப்படியாவது அவளைப் பள்ளத்தாக்கில் இறக்கிவிட வேண்டும் என்று அது நினைத்தது. எழுந்து, மூச்சு வாங்குவது போல நடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டது.

"பெரியம்மா! பெரியம்மா! மூங்கில் காட்டிலிருந்து ஓடி வருகிறேன். உங்கள் முள்ளி காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். உங்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரே அழுகை!"

கொம்பாத்தாள் சட்டென்று எழுந்தாள். "ஐயோ, என் முள்ளிக்கா?"

"ஆமாம் பெரியம்மா. பாறை வழியாகச் சுற்றிப் போனால் நாளைக்குத்தான் போய்ச் சேருவீர்கள். பள்ளத்தாக்கு வழியாக வந்தால் பொழுது சாய்வதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிடலாம். துணைக்கு நான் இருக்கிறேன்."

கொம்பாத்தாள் விறுவிறுவென்று இறங்கினாள். மூட்டு வலி எங்கே போனதோ!

"அக்கா, நரியை நம்பி யாராவது இறங்குவார்களா?" என்று மாயக்காள் அலறினாள்.

"என் முள்ளி படுத்துக் கிடக்கிறாள். நான் போகாமல் வேறு யாரடி போவது?"

பாறையின் கடைசி விளிம்புக்கு வந்துவிட்டாள். இன்னும் ஓர் அடி வைத்தால் மண் தரை. கண் நிறைந்த நீரோடு அவள் நரியைக் கேட்டாள்.

"அவளால் எழுந்து உட்காரவாவது முடிகிறதா? எங்கள் ஆடுபுலி ஆட்டம் அப்படியே கிடக்கிறதே..."

நரிக்கு உற்சாகம் பொறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அளந்துவிட்டால் கிழவி முழுதாக நம்பிவிடுவாள் என்று நினைத்தது.

"அதை ஏன் கேட்கிறீர்கள்! அந்தக் காய்ச்சலோடு எழுந்து வந்து ஆடிவிட்டாள். 'என் புலி கொம்பாத்தாளின் ஆட்டை ஒரே தாவலில் வெட்டிவிட்டது என்று போய்ச் சொல்' என்று அவள்தான் சொல்லி அனுப்பினாள்."

எடுத்த கால் அந்தரத்திலேயே நின்றது.

"யாருடைய ஆட்டை?"

"உங்கள் ஆட்டைத்தான் பெரியம்மா."

"யாருடைய புலி?"

"முள்ளியுடைய புலி. பின்னே, நீங்களா புலியாக இருப்பீர்கள்?" என்று நரி பல்லைக் காட்டிச் சிரித்தது.

கொம்பாத்தாள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. அப்பாடா, முள்ளி நன்றாக இருக்கிறாள் என்ற நிம்மதிதான் வந்தது. நரி முள்ளியின் வளைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது தெரிந்துவிட்டதே!

"சரி நரியாரே. என் கால் மெதுவாகத்தான் வரும். நீங்கள் முன்னால் போய், பள்ளத்தாக்கின் கடைசி வளைவில் நில்லுங்கள். நான் வந்து குரல் கொடுக்கிறேன்" என்றாள்.

நரி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு ஓடியது.

மாயக்காளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அது பொய் சொல்கிறது என்று எப்படி அக்கா கண்டுபிடித்தாய்?"

"யாரிடமும் சொல்லிவிடாதே. அந்த ஆட்டத்தில் நான்தான் புலி."

மாயக்காள் திறந்த வாயை மூடுவதற்குள் கொம்பாத்தாள் பாறை விளிம்பு வழியாகக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் கடைசி வளைவுக்கு நேர் மேலே வந்து எட்டிப் பார்த்தாள். கீழே நரி பசியில் சுருண்டு உட்கார்ந்திருந்தது.

"நரியாரே! வந்து குரல் கொடுப்பதாகச் சொன்னேனே, கொடுத்துவிட்டேன்!"

"மேலே ஏன் நிற்கிறீர்கள் பெரியம்மா? இறங்கி வாருங்கள்!"

"புலியைக் கட்டுவதற்குப் பதினைந்து ஆடு வேண்டுமப்பா. ஒற்றை நரி போதாது!"

அதற்கு என்ன அர்த்தம் என்று நரி இன்றுவரை மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது.

மூங்கில் காட்டில் முள்ளி குத்துக்கல் மாதிரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். தோழியைக் கண்டதும் முட்களெல்லாம் சலசலக்க எழுந்து ஓடி வந்தாள்.

"ஏனடி இவ்வளவு தாமதம்? இந்த வருடம் வராமலே இருந்துவிடுவாயோ என்று பயந்துபோய்விட்டேன்!"

"உனக்குக் காய்ச்சலாமே?"

"எனக்கா? எந்தப் படுபாவி சொன்னது?"

கொம்பாத்தாள் நடந்ததைச் சொன்னாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு முள்ளி தேக்கிலையை மெல்ல விலக்கினாள். கற்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு வருடமாக யோசித்து வைத்திருந்த வெள்ளைக் கல்லை எடுத்து டக்கென்று வைத்தாள். ஒரு கறுப்புக் கல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் அடைபட்டது.

"கட்டிவிட்டேன்!"

"ஒன்றைத்தானே கட்டினாய்? இன்னும் இரண்டு புலி இருக்கிறது" என்றாள் கொம்பாத்தாள்.

நாலு நாள் கழித்து, ஆற்றங்கரையில் நீலியைப் பார்க்கக் கிளம்பும்போது, அவள் ஒரு கறுப்புக் கல்லை நகர்த்தி வைத்தாள்.

"இப்போது உன் முறை" என்று சொல்லிவிட்டு, நொண்டி நொண்டி, மகிழ்ச்சியாக நடந்தாள்.

நீதி: தேடிப் போய்ப் பழகி வளர்த்த நட்பை, இடையில் வந்தவனின் பொய் அசைக்காது.