நாலாவது ரைட்

"எனக்கு முடிவெடுக்கத் தெரியலீங்க" என்றார் செங்கோடன்.

மலையடிவார மடத்துக்கு அவர் வருவது இது மூன்றாவது முறை. முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரு மங்களாம்பாள் அவரைவிட ஒன்பது வயது இளையவர். முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு கல். அதில் செங்கோடன்.

"என்ன முடிவு?"

"மக கல்யாணமுங்க. அவளே ஒருத்தரைப் பார்த்து வெச்சிருக்கா. ஏழு வாரமாச்சு. நான் பதில் சொல்லாம தேதி வைக்க மாட்டேங்கறா."

"மக எங்கே?"

"வெளிய ஸ்கூட்டர்ல உட்கார்ந்திருக்கா. உள்ள வான்னா, 'ஏழு வாரம் காத்திருந்தவளுக்கு ஏழு நிமிஷம் பெருசா, போய்ட்டு வாங்க'ங்கறா."

"அந்த ஆள் எப்படி?"

"மூணு தடவை பார்த்தேன். குறை சொல்ல ஒண்ணுமில்லீங்க. ஆனா சரியா வருமா, வராதா? அது தெரியாம எப்படி வாயைத் திறக்கறது?"

"முப்பத்தோரு வருஷம் எப்படி முடிவெடுத்தீங்க?"

"நான் எங்கீங்க எடுத்தேன்? கண்டக்டர் ரெண்டு தட்டு தட்டி ரைட்டுன்னா வண்டியை எடுப்பேன். ஹோல்டான்னா நிறுத்துவேன்."

"எனக்கு இங்கிலீஷ் வராது. ரைட்டுன்னா என்னங்க?"

செங்கோடன் விரலை மடக்கினார்.

"வலது பக்கம், ஒண்ணு. பரீட்சைப் பேப்பர்ல போடற சரி, ரெண்டு. சங்கத்துல கொடி புடிச்சு உரிமை கேட்டோமே, இது எங்க ரைட்டுன்னு. அது மூணு. கண்டக்டர் சொல்றது நாலு."

"கண்டக்டர் சொன்னா என்ன அர்த்தம்?"

"படியில யாரும் தொங்கலை, கிளம்பலாம்னு."

"போற ரோடு நல்லா இருக்கும்னா?"

"அது அவருக்கு எப்படிங்க தெரியும்? அவர் பார்க்கறது பின்னாலதானே."

குரு நாலு புளியங்கொட்டைகளை அவர் முன்னால் வரிசையாக வைத்தார்.

"மக என்ன கேட்டா? அவ சொன்னபடியே சொல்லுங்க."

"'ரைட் சொல்லுங்கப்பா'ன்னா."

"எந்த ரைட்?"

செங்கோடனின் கை இரண்டாவது கொட்டைக்குப் போனது. பாதியில் நின்றது.

குரு எழுந்து போனார். மடத்துத் தகரக் கதவில் இரண்டு தட்டு தட்டினார்.

கல்லில் உட்கார்ந்திருந்தவரின் இடது கால், கிளட்சை விடுவதுபோல, தானாகத் தளர்ந்தது. வலது கால் அழுந்தியது.

வெளியே வந்து ஸ்கூட்டரில் மகளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். திரும்பிப் பின்பக்கம் ஒருமுறை பார்த்தார். யாரும் இல்லை.

சீட்டில் இரண்டு தட்டு தட்டினார்.

"ரைட்."

மகள் பூங்குழலி வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எதுக்குப்பா ரைட்? வண்டிக்கா?"

"ரெண்டுக்கும் கண்ணு."