சார்ஜரின் வாயில் சந்தனம்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

"மாஸ்டர், நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார் நல்லுசாமி.

போனில்தான் கேட்டார். விஜயதசமி அன்று காலை. துறையூரில் அவர் வீட்டு வாசலில் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது.

"சாவியைத் திருப்பினா டிக்குங்குது. அதோட சரி. பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டினா அதோட முள்ளு அசைய மாட்டேங்குது."

அந்தப் பக்கம் செண்பகம் போனை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

செண்பகம் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவளுக்கு வயசு முப்பத்துச் சொச்சம், நல்லுசாமிக்கு ஐம்பத்துச் சொச்சம். அவரை ஸ்டியரிங் பிடிக்க வைத்தவள் அவள்தான். பேச்சு குறைச்சல். பிரேக்கை மிதி என்று வாயால் சொல்ல மாட்டாள். தன் காலடியில் இருக்கிற பிரேக்கைத் தானே மிதித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பாள். மிச்சத்தை நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

நல்லுசாமி அந்த வயசில் கார் கற்றுக்கொண்டது அஞ்சலைக்காக. அவர் பெண்டாட்டி. குவைத்தில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போய் மூன்று வருஷம் ஆச்சு. அன்றைக்குச் சாயங்காலம்தான் திருச்சியில் வந்து இறங்குகிறாள்.

"நானே ஓட்டிக்கிட்டு வந்து, உன்னை முன்சீட்டுல உட்கார வச்சுக் கூட்டியாறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதுக்கு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதில் இருந்தது. நம்பாதவள் சிரிக்கிற சிரிப்பு.

கார் பழசு. சீட்டு உறை மட்டும் புதுசு. அதன் மேல் கடைக்காரன் மாட்டிக் கொடுத்த பாலித்தீனைக்கூட அவர் எடுக்கவில்லை. அவள் உட்காருகிற இடத்தில் ஒரு தூசி படக்கூடாது.

"பேட்டரி எப்படி இறங்குச்சு?" என்றாள் செண்பகம்.

நல்லுசாமி தலையைச் சொறிந்தார்.

"சாயங்காலமானா உள்ள உட்கார்ந்து பாட்டு கேட்பேன் மாஸ்டர்."

"பாட்டு மட்டுமா?"

"பேசிப் பழகுவேன். அஞ்சலைகிட்ட என்ன சொல்றதுன்னு."

அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ராக்காயி எட்டிப் பார்த்தாள். "வெறும் சீட்டைப் பார்த்து 'வா கண்ணு'ங்கிறாரு மாஸ்டர்! தெருவுக்கே மனப்பாடம்!"

"நீ துணியைப் பிழி தாயி" என்றார் நல்லுசாமி.

பாட்டுக் கேட்டு இறங்குகிற பேட்டரியை ஏற்றத்தான் அந்தச் சார்ஜரையே வாங்கினார். முந்தாநாள் வரைக்கும் அது ஒழுங்காகத்தான் ஏற்றியது.

"என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?"

"ஃபியூஸ் மாத்தினேன். ஒயரை ஆட்டினேன். முதுகைக் கழற்றி ஊதினேன். ரெண்டு தட்டு தட்டினேன்."

"திட்டினீங்களா?"

"அதுவும் ஆச்சு மாஸ்டர்."

செண்பகம் சார்ஜரின் பிளக்கை உருவிவிட்டு அதே இடத்தில் மிக்சியைச் செருகச் சொன்னாள். மிக்சி டர்ரென்று சுற்றியது.

மறுபடி சார்ஜரைச் செருகச் சொன்னாள். காதை வைத்துக் கேட்கச் சொல்லி விரலைக் காட்டினாள்.

"உறுமுது மாஸ்டர்!"

காரின் முன்விளக்கைப் போடச் சொன்னாள். மங்கலாக எரிந்தது.

நல்லுசாமிக்குக் கோபமே வந்துவிட்டது. "வீட்டுல கரண்டு இருக்கு. சார்ஜருக்கு உசுரு இருக்கு. பேட்டரியிலயும் கொஞ்சம் உசுரு ஓடுது. அப்புறம் ஏன் அதுலேர்ந்து இதுக்கு ஏற மாட்டேங்குது?"

செண்பகம் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். வீட்டுக்குள் போனாள். நேற்றைய ஆயுதபூஜைத் தட்டு அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க."

"இப்பவா? அவ ஆறு மணிக்கு இறங்கிடுவா மாஸ்டர்! போயிச் சேரவே ரெண்டு மணி நேரம் ஆகும், நான் ஓட்டுற ஓட்டத்துக்கு."

"சாப்பிடுங்கண்ணே."

மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். நல்லுசாமி பழத்தை உரிக்க ஆரம்பித்தார்.

"ஏன் உரிக்கிறீங்க?"

"இதென்ன கேள்வி? உரிக்காம எப்படி..."

பாதி உரித்த பழத்தோடு அப்படியே நின்றுபோனார்.

குனிந்து, பேட்டரியைக் கவ்வியிருந்த சார்ஜர் கிளிப்பை எடுத்தார். அமுக்கி வாயைத் திறந்தார்.

உள்ளே சந்தனம்.

நேற்றுப் பூஜையில் வைத்த சந்தனம். கெட்டியாகக் குழைத்து, பல்லு பல்லாக அப்பி, நடுவில் குங்குமமும் இட்டு வைத்தது, காய்ந்து ஓடு மாதிரி உட்கார்ந்திருந்தது. பேட்டரியின் ரெண்டு முனைக்கு மேலேயும் அதே அலங்காரம்.

"வெளிய ஒரு பொட்டு வச்சா ஆகாதா?" என்றாள் செண்பகம்.

"வெளிய வச்சா ஒப்புக்கு வச்ச மாதிரி இருந்துச்சு மாஸ்டர். வாய்தானே உழைக்குது? உழைக்கிற இடத்துக்குத்தானே மரியாதை?"

செண்பகம் சிரித்துவிட்டாள். அவர் ரிவர்ஸில் போய்த் தள்ளுவண்டிப் பூசணிக்காயை எல்லாம் ரோட்டில் உருட்டிவிட்ட அன்றைக்குக்கூட அவள் சிரிக்கவில்லை.

"ஒரு கும்பிடு போட்டுட்டுச் சுரண்டுங்க."

கும்பிட்டார். சுரண்டினார். உலர்ந்த துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கிளிப்பின் பல் செம்பு நிறத்தில் பளிச்சென்று வந்தது. சிவப்பைச் சிவப்பு முனையிலும் கறுப்பைக் கறுப்பு முனையிலும் கவ்வ விட்டார். கடைசியாகத்தான் பிளக்கைச் செருகினார்.

முள் துள்ளி எழுந்தது.

"ஏறுது! ராக்காயி, ஏறுது!"

"எனக்குக் கேட்குது! குவைத்துக்கே கேட்டிருக்கும்!"

அப்புறம் அவர் குளித்தார், சவரம் செய்தார், மறுபடி வந்து முள்ளைப் பார்த்தார். சட்டையை மாற்றினார், மறுபடி வந்து பார்த்தார். மிச்சப் பழத்தையும் அங்கேயே நின்று தின்றார்.

மூன்று மணிக்குச் செண்பகம் திரும்ப வந்தாள். நல்லுசாமி முதலில் பிளக்கை எடுத்தார், பிறகு கிளிப்பை எடுத்தார், பானெட்டைச் சாத்தினார். சாவியைத் திருப்பினார்.

கார் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. சும்மா இருக்க முடியாமல் ஹாரனையும் ரெண்டு தரம் அடித்தார்.

வண்டியை நகர்த்தப் போனவர் நின்றார். முகம் சின்னதாகிவிட்டது.

"மாஸ்டர்."

"என்னண்ணே?"

"பேசிப் பழகினது அத்தனையும் மறந்துபோச்சு. இந்தச் சார்ஜர் கூத்துல ஒரு வார்த்தை நிக்கல. அவ வந்து பக்கத்துல உட்கார்ந்ததும் நான் என்ன சொல்றது?"

செண்பகம் காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தாள். முன்சீட்டுக் கதவைத் திறந்தாள்.

"மாஸ்டர், அது வேண்டாம்! அவளுக்குன்னு பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்! அழுக்காயிடும்!"

பழத்தோலை உரிக்கிற மாதிரி, பர்ரென்று பாலித்தீனைக் கிழித்து எடுத்தாள். சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.