பதினேழாம் நம்பர் குழல்

“என் சத்தமெல்லாம் போச்சு டீச்சர்.”

இதைச் சொல்லிக்கொண்டேதான் ஆவுடையப்பன் படியேறினார். தோளில் அவருடைய பழைய கீபோர்டு. ஐம்பத்தாறு வயது ஆள், மேலே வந்து சேர்வதற்குள் மூச்சு இரைத்தது.

மேலே இருந்தது ஜெனோவா டீச்சர். முப்பத்திரண்டு வயதுதான். பாளையங்கோட்டையில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, அதற்குள் பதினொரு பழைய கீபோர்டுகள். செய்த கம்பெனியே கைகழுவிவிட்ட சாமான்களை டீச்சர் பிரித்து, துடைத்து, பற்றவைத்துப் பேச வைப்பார். பேச ஆரம்பித்ததும் உட்கார்ந்து வாசிப்பார். கச்சேரிக்குப் போகிற ஆட்கள், அவரைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட, டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனைக்கும் அவர் ஒருத்தருக்கும் பாடம் எடுத்ததில்லை.

“மூச்சு விடுங்க அண்ணாச்சி. என்ன ஆச்சு?”

“இன்னைக்குக் காலைல ஸ்விட்ச்சப் போட்டேன். பதினேழ அமுக்கினேன். புல்லாங்குழல் சத்தம் வரணும். கீச்சுன்னு ஒரு சத்தம் வருது. பதினெட்டுல அதே கீச்சு. அறுவத்து நாலுலயும் கீச்சு.”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அறுபத்து நாலும் அவரே உண்டாக்கிய சத்தங்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ராவும் பகலும் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாக ஏற்றி இறக்கிச் செய்தது. அதிலும் அந்தக் குழல் இருக்கிறதே, கோயில் கொடைத் திருவிழாக்களில் அதைக் கேட்டு அருள் வந்து ஆடியவர்கள் உண்டு.

“புதுசு ஒண்ணு வாங்கிரலாமே?” என்றார் டீச்சர்.

“புதுசுல ஆயிரம் குழல் இருக்கு டீச்சர். ஒண்ணுகூட என் குழல் இல்ல.”

டீச்சர் தலையாட்டினார். கீபோர்டை மேஜையில் வைத்தார். திரை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

“இது என்ன அண்ணாச்சி?”

“பக்கத்துல நிக்கவன் எட்டிப் பாத்து நம்பரக் குறிச்சுட்டுப் போயிருவான்லா? அதான் ஒட்டி வச்சேன். எனக்கு எல்லாம் மனப்பாடம், திரை எதுக்கு?”

டீச்சர் டேப்பை உரித்தார். ஸ்விட்சைப் போட்டார். திரையில் ஒரு வரி எரிந்தது.

“என்ன எழுதியிருக்கு, வாசிங்க.”

“பேட்டரி... தீரப் போகுதுன்னு போட்டிருக்கு.”

“உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கு. அது உயிரோட இருக்க வரைக்கும்தான் ஒங்க சத்தம் ஞாபகத்துல நிக்கும். தீருறதுக்கு முன்னாடி இது சொல்லிரும். ஆறு மாசமா தெனமும் ஒங்ககிட்ட சொல்லியிருக்கும்.”

ஆவுடையப்பன் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்டபோது எனக்கே கோபம் வந்தது. கதை சொல்கிறவன் கோபப்படக் கூடாதுதான், என்ன செய்ய?

டீச்சர் பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியை எடுத்தார். காலணா அகலம்கூட இருக்காது. புதுசைப் போட்டு மூடினார்.

“இனிமே சத்தத்தப் பிடிச்சு வச்சிக்கும். ஆனா உள்ள ஒண்ணும் இல்ல.”

“பழசு?”

“போனது போனதுதான்.”

“டீச்சர், வெள்ளிக்கெழம களக்காட்டுப் பக்கம் கொடை. இருவது வருசமா நான்தான் வாசிக்கேன். குழல் இல்லாம அங்கன போய் நிக்க மாட்டேன். இதுக்கு ஒரு வழி சொல்லுங்க, இல்ல, இத்தோட விட்டுருன்னு சொல்லுங்க. மூட்டையாக் கெட்டி வச்சிருதேன்.”

“நம்பரெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களா?”

“எழுதினா எவனாவது பாத்துருவானே!”

“யாருக்காவது குடுத்திருக்கீங்களா?”

“ஒருத்தனுக்கும் குடுத்ததில்ல.” இதை அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அந்த நிலைமையிலும் பெருமை!

டீச்சர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“சரி. யாராவது திருடியிருக்காங்களா?”

ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. “அந்தக் கள்ளப்பய பேச்ச எடுக்காதீங்க!”

“யாரு அவரு?”

“கோமதிநாயகம். சங்கரன்கோவில்காரன். ஒரே குழுவுல வாசிச்சோம். அவங்கிட்டயும் இதே கீபோர்டுதான். ஒருநா எனக்குக் காய்ச்சல், வேன்ல படுத்துட்டேன். அந்த நேரம் பாத்து ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேபிள மாட்டி, மொத்தத்தையும் உருவிட்டான். பத்து விநாடி வேல! நான் சும்மா விடல. ஊர் ஊராச் சொன்னேன், இவன் கள்ளன், எவனும் சேக்காதீங்கன்னு. இருவத்திரெண்டு வருசமாச்சு, மூஞ்சில முழிக்கல.”

“அவரு நல்லா இருக்கணும்னு சாமியக் கும்பிடுங்க அண்ணாச்சி” என்றார் டீச்சர்.

“என்ன டீச்சர் வெளையாடுதீங்களா?”

“ஒங்க குழல் இப்ப உலகத்துல ஒரே ஒரு ஆளுகிட்டதான் இருக்கு.”

ஆவுடையப்பன் கீபோர்டைத் தூக்கித் தோளில் வைத்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் என்ன செய்தார் தெரியுமா? கதவைச் சாத்திக்கொண்டு பழைய குழலைத் திரும்பச் செய்ய உட்கார்ந்தார். கைக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. செவ்வாய் முழுக்க முயன்றார், குக்கர் விசில் மாதிரி வந்தது. புதன் முழுக்க முயன்றார். அவர் வீட்டம்மா எட்டிப் பார்த்து, “அடுப்புல ஒண்ணும் வைக்கலையே, என்ன சத்தம்?” என்று கேட்டார். ஆவுடையப்பன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய கையும் காதும் அவரிடம் இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் மறுபடி டீச்சர் வீட்டுப் படி.

“அவங்கிட்ட போய் நிக்கணுமா டீச்சர்? வேற வழியே இல்லையா?”

டீச்சர் சுவரில் ஆணியில் தொங்கிய கேபிள்களில் ஒன்றை எடுத்துச் சுருட்டி அவர் கையில் வைத்தார்.

“இது எதுக்கு?”

“கேக்கதுக்கு வாய் வரலன்னா இத நீட்டுங்க.”

“கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளினா?”

“திரும்பி வாங்க. எங்கிட்ட பதினொண்ணு இருக்கு, எதுல வேணாலும் வாசிச்சிட்டுப் போங்க. கொடை நிக்காது.”

“அதுல குழல்?”

“இருக்கும். ஒங்களுது இல்ல.”

ஆவுடையப்பன் பஸ் ஏறினார். கீபோர்டை மடியில் வைத்து, குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார். சங்கரன்கோவிலில் இறங்கி விசாரித்தார். கோமதிநாயகம் தேரடிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ‘நல்லாத்தான் தேடிப் பிடிச்சிருக்கான் தொழில’ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே போனார்.

கடையில் வேறு ஒருவரும் இல்லை. கோமதிநாயகம் ஆதார் அட்டை ஒன்றை மிஷினில் வைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

“என்னவே ஆவுடை, அடிக்க வந்தியா?”

பஸ்ஸில் வரும்போது ஆவுடையப்பன் நாலு விதமாகப் பேசிப் பார்த்து வைத்திருந்தார். அதில் ஒன்றும் வாயில் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து கேபிளை எடுத்து நீட்டினார்.

கோமதிநாயகம் கேபிளைப் பார்த்தார். தோளில் இருந்த கீபோர்டைப் பார்த்தார்.

“பேட்டரியா?”

“ம்.”

“எல்லாமே போயிட்டா?”

“எல்லாமே.”

“அடப்பாவி மனுசா” என்றார் கோமதிநாயகம். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஷட்டரைப் பாதி இறக்கினார். உள்ளே போய்த் தன்னுடைய கீபோர்டைத் தூக்கிவந்து, பேப்பர் கட்டுகளுக்கு மேல் வைத்தார். ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. திரையில் டேப் கிடையாது.

“பயப்படாத. எல்லாம் பத்திரமா இருக்கு. எனக்கே ரெண்டு தடவ அழிஞ்சு போச்சு.”

“பெறவு எப்பிடி?”

“தென்காசில ஒருத்தனுக்குக் குடுத்திருந்தேன். அவங்கிட்டேருந்து திரும்ப வாங்கினேன். அடுத்த தடவ அவனுக்கும் சேந்து போச்சு. நல்லவேள, அவன் வள்ளியூர் சர்ச்சுல குடுத்து வச்சிருந்தான்.”

“என் குழல சர்ச்சுல வாசிக்காங்களா?”

“கிறிஸ்மஸ் பாட்டுக்கு அதுதான். தூத்துக்குடில ரெண்டு குழுவுல இருக்கு. நாகர்கோயில்ல ஒரு பொம்பளப் பிள்ள அத வச்சுத்தான் வாசிச்சுப் பழகிச்சாம். எங்கிட்ட கேட்டவங்க யாருக்கும் நான் இல்லன்னு சொன்னதில்ல.”

இருபத்திரண்டு வருஷமாக ஊரெல்லாம் தன் சரக்கை அள்ளி விட்டிருக்கிறான்! ஆவுடையப்பனுக்குத் திட்டு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் கோமதிநாயகம் ஸ்விட்சைப் போட்டுப் பதினேழை அழுத்தினார்.

திரையில் எழுத்து வந்தது. ஆங்கில எழுத்தில் ஆவுடை. அதற்குப் பக்கத்தில் பதினேழு.

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். பதினெட்டை அவரே அழுத்தினார். ஆவுடை. பத்தொன்பது. ஆவுடை.

“நான் வச்ச பேர மாத்தலையா நீ?”

“எதுக்கு மாத்தணும்?”

“மத்தவங்ககிட்ட?”

“எல்லார்கிட்டயும் இதேதான். மேடையில ‘ஆவுடையப் போடுலே’ன்னுதான் சொல்லுவாங்க. ஆவுடைன்னா ஒரு ஆளுன்னு பாதிப் பேருக்குத் தெரியாது, ஏதோ கருவி பேருன்னு நெனச்சிருக்கானுவ.”

“கோமதி...”

“நான் திருடினேன்வே. இல்லன்னு சொல்லல. ஆனா என்னுதுன்னு ஒருநாளும் சொன்னதில்ல.”

ஆவுடையப்பனுக்கு வெட்கமாக இருந்தது. தான் ஊர் ஊராகப் போய்ச் சொன்னது, அதற்குப் பிறகு ஒரு குழுவும் கோமதிநாயகத்தைச் சேர்க்காமல் போனது, இந்தக் கடை, இந்த நரை, எல்லாம் ஒன்றாகக் கண்ணில் பட்டது. பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“நான் ஒன் பொழப்பக் கெடுத்துட்டேன்.”

“கொஞ்சம் கெடுத்த. விடு. எந்திரி, அது கலர் பேப்பர், மடங்கிரும். கேபிள மாட்டு.”

மாட்டினார். பத்து விநாடி. ஆவுடையப்பன் தன் கீபோர்டில் பதினேழை அழுத்தி ஒரே ஒரு சுரம் வாசித்தார். குழல் வந்தது. வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, “ஜெராக்ஸ் உண்டா?” என்று கேட்டார்கள். “இப்ப இல்ல, பெறவு வாங்க!” என்று உள்ளேயிருந்து கத்தினது ஆவுடையப்பன்தான்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: “நாளைக்குக் களக்காட்டுப் பக்கம் கொடை. ரெண்டு கீபோர்டு போடலாம்னு இருக்கேன். வாரியா?”

கோமதிநாயகம் போனார். குழல் கிளம்பியதும் பெண்கள் பக்கமிருந்து குலவை வந்ததாகக் கேள்வி. அந்தக் குழலை வாசித்தது இரண்டு பேரில் யார் என்று கேட்டேன், அங்கே இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் ஆவுடையப்பன் டீச்சர் வீட்டுப் படியேறினார். ஒரு தோளில் கீபோர்டு, ஒரு கையில் கொடையில் கொடுத்த வாழைத்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, பத்து வயசு குறைந்து போயிருந்தது.

நடந்ததெல்லாம் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். சர்ச் கதையைச் சொல்லும்போது டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“எங்க, வைங்க, கேப்போம்.”

மேஜையில் வைத்தார். டீச்சர் வாசிக்கவில்லை. தன் கீபோர்டுகளில் ஒன்றை, அதே வகைதான், இழுத்துப் பக்கத்தில் போட்டார். பிறகு ஒன்றுமே கேட்காமல், ஒன்றுமே சொல்லாமல், இரண்டுக்கும் பின்னால் கையை விட்டு எதையோ மாட்ட ஆரம்பித்தார்.

“டீச்சர், என்ன பண்ணுதீங்க?”

“திருடுதேன் அண்ணாச்சி.”

ஆவுடையப்பனுக்குக் கை தானாக முன்னால் போனது. எத்தனை வருஷத்துப் பழக்கம்! அப்படியே நின்றது.

பிறகு எழுந்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

“கோவமா? எங்க கெளம்பிட்டீங்க?”

“டீ குடிக்க. வர அரை மணிக்கூறு ஆவும்” என்றார் ஆவுடையப்பன். இரண்டு படி இறங்கியவர் திரும்பி ஏறிவந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“மொத வரிசைல முப்பத்திரெண்டு சத்தந்தான் இருக்கும். அதோட நிறுத்திராதீங்க. ரெண்டாவது வரிசைல இன்னொரு முப்பத்திரெண்டு இருக்கு.”