திமில் மலையின் உச்சிக் கல்

“தாயே, ரெண்டு மலையில எது உசரம்?”

இத்ரீஸ் வந்ததும் வராததுமாகக் கேட்டார். கிணற்றடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்த சுஹ்ரா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“உக்காருங்க பெரியவரே. முதல்ல தண்ணி குடிங்க.”

அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவளுக்கு முப்பது இருந்தால் அதிகம். ஆனாலும் அந்தப் பாலைவன நாட்டில் புத்தி கேட்கிறவர்கள் அவளிடம்தான் போனார்கள். தாடியின் நீளத்தைப் பார்த்துக் குருவைத் தேடுகிற வழக்கம் அங்கே இல்லை.

எட்டு மாதமாக அவளிடம் வந்துகொண்டிருந்தார். கயிறு திரித்தார், கழுதைக்குத் தண்ணீர் காட்டினார். மனதில் இருந்த கேள்வியை இன்றைக்குத்தான் வெளியே எடுத்தார்.

அந்த நாட்டில் மணலைத் தவிர்த்தால் இருப்பது இரண்டே மலைகள். கிணற்றுக்குப் பின்னால் திமில் மலை. எதிரே, இரண்டு நாள் நடைக்கு அப்பால், முழங்கால் மலை. வெயில் ஏறினால் இரண்டுக்கும் அடிவாரம் கரைந்துபோகும். உச்சிகள் மட்டும் வானத்தில் மிதக்கும்.

மிதக்கிற இரண்டில் எது உயரம் என்று யாரால் சொல்ல முடியும்? யாராலும் முடியாது. அதனால் எல்லோரும் சொன்னார்கள்.

இத்ரீஸும் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன்னால், மகள் ரைஹானாவை முழங்கால் மலைப் பக்கம் கட்டிக்கொடுத்த அன்று. விருந்தில் சம்பந்தி சும்மா இருக்காமல், “உங்க மலை எங்க மலைக்குத் தங்கச்சி மாதிரி” என்று சொல்லிச் சிரித்துவிட்டார். “எங்க மலைதான் உசரம்” என்று சொல்லிவிட்டு இத்ரீஸ் பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்தார். மகளை ஒட்டகத்தில் ஏற்றியபோதுகூட வாசலுக்கு வரவில்லை.

“எது உசரம்னு தெரிஞ்சுட்டா என்ன ஆகும்?” என்று சுஹ்ரா கேட்டாள்.

“சம்பந்தி வாய மூடுவாரு. மகள அனுப்பி வைப்பாரு.”

“அவர்தான் அனுப்பாம வச்சிருக்காரா?”

“பின்ன? நான் அவள வரக் கூடாதுன்னு சொல்லல தாயே. என் வாசல் திறந்தேதான் கிடக்கு. உப்பு வியாபாரிங்க சுத்து வழியில வர்றப்ப அவகிட்டயிருந்து சேதி கொண்டு வருவாங்க. ‘பாதி வழி வந்துட்டுத் திரும்பிட்டேன் வாப்பா.’ மூணு தடவ இதே சேதி. பாதி வழி வந்தவளுக்கு மீதி வழி வரத் தெரியாதா?”

பேரனுக்கு ஏழு வயது என்று இத்ரீஸ் கேள்விப்பட்டிருந்தார். முகம் தெரியாது.

சுஹ்ரா கயிற்றைக் கீழே வைத்தாள்.

“வெள்ளிக்கிழமை தவறாம மலை ஏறுறீங்களே, எதுக்கு?”

“எங்க ஊர்ல எல்லாரும்தான் ஏறுறோம். ஆளுக்கு ஒரு கல்லு. உச்சியில கொண்டுபோய் வைக்கிறோம். மலை வளரணும் இல்லையா?”

கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோல அவர்கள் மலைக்குக் கல் சுமந்தார்கள். அந்தப் பக்கத்தாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை, அவர்களும் சுமந்தார்கள். அவர்களுக்கு மலையடியிலேயே கல் கொட்டிக் கிடந்தது. திமில் மலையோ ஒரே பாறை. பெயர்த்தெடுக்க ஒரு துண்டு கிடையாது.

“கல்லு எங்க எடுக்குறீங்க?”

“இதோ, இந்த மணல்வெளியிலதான். அந்தக் காலத்துல வழிக்கு அடுக்கி வச்ச கல்லு. யாரு இப்ப அந்த வழியில போறா? சும்மாதானே கிடந்துச்சு. முன்ன இந்தக் கிணத்தடியிலயே கிடைச்சுது. இப்ப ஒரு நாள் நடக்கணும்.”

சுஹ்ரா எழுந்து கைமேல் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டாள்.

“உச்சியில இருந்து ஒரு கல்ல இறக்கிட்டு வாங்க. அதப் பாத்துட்டு எது உசரம்னு சொல்றேன்.”

இத்ரீஸ் திடுக்கிட்டார். அந்த மலையிலிருந்து யாரும் எதையும் இறக்கியதில்லை.

“ஒரு கல்லளவு குறைஞ்சுடுமே தாயே.”

“குறையட்டும்.”

மறுநாள் விடியலில் ஏறினார். வெறுங்கையோடு ஏறியதால் உடம்பு தன்னுடையது மாதிரியே இல்லை. பாதி உயரத்தில் காற்று நின்றுபோனது. உச்சியை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது.

கீழே நாடே இல்லை. ஊர் இல்லை, கிணறு இல்லை, மணலும் இல்லை. பால்போல ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருந்தது. அதன்மேல் முழங்கால் மலை தனியாக மிதந்தது. இவர் நின்ற மலையும் மெல்ல நகர்வதுபோல இருந்தது. ஒரு கணம் எது அது, எது இது என்றுகூட அவருக்குப் புரியவில்லை.

குவியலின் உச்சிக் கல்லை எடுத்தார். போன வெள்ளிக்கிழமை அவரே வைத்தது.

மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தூக்கிக்கொண்டு வந்தபோது கண்ணெல்லாம் உச்சியில் இருந்தது, கையில் இருந்ததை அவர் பார்க்கவில்லை. இப்போது புரட்டினார்.

மறுபக்கத்தில் ஒரு கை இருந்தது.

செம்மண் கை. ஐந்து விரலும் விரித்துப் பதித்தது.

புகுந்த வீட்டுக்குப் போகிற பெண் வழிநெடுக ஒவ்வொரு அடுக்குக் கல்லிலும் செம்மண் குழைத்த கையைப் பதித்துக்கொண்டே போவாள். திரும்பி வரும்போது கண்ணில் படுகிற பக்கமாகப் பார்த்துத்தான் பதிப்பாள். மணல் ராத்திரிக்கு ராத்திரி இடம் மாறும் நாட்டில் தாய்வீட்டுக்கு அது ஒன்றுதான் வழி.

இத்ரீஸுக்குத் தெரியாத வழக்கமா? அவருடைய மனைவியும் அப்படிக் கை பதித்துப் போனவள்தான், வந்தவள்தான். மலை வளர்க்கிற மும்முரத்தில் மறந்துபோயிருந்தார்.

அந்தக் கையின் சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. ஆறு வயதில் ஒட்டகச் சேணத்திலிருந்து விழுந்து ஒடிந்த விரல். வைத்துக் கட்டியவர் அவர்தான். சரியாகக் கட்டவில்லை.

அடுத்த கல்லைப் புரட்டினார். கோணல் விரல். அதற்கடுத்ததைப் புரட்டினார். அங்கேயும் கோணல் விரல்.

அவருக்கு அழுகை வந்தது. முழங்கால் மலையைப் பார்த்துக்கொண்டே அழுதார். அது எவ்வளவு உயரம் என்று அப்போது அவர் பார்க்கவில்லை.

வெயில் சாயும் முன் கிணற்றடிக்கு இறங்கி வந்தார். தோளில் இரண்டு, கையில் ஒன்று. முன்பு முதல் அடுக்கு இருந்த இடம் அவருக்கே நினைவிருந்தது. மணலைக் காலால் ஒதுக்கினார். இரண்டு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். மூன்றாவதை, மகளின் கை தன்னைப் பார்க்கும்படி மேலே வைத்துவிட்டு, அதன்மேல் தன் கையை ஒருமுறை வைத்து எடுத்தார்.

“நாளைக்கு அடுத்தத இறக்கிட்டு வர்றேன், தாயே.”

“வாங்க,” என்றாள் சுஹ்ரா. “இத மட்டும் அந்தப் பக்கமாத் திருப்பி வையுங்க. வர்றவ அவதானே.”