தழலி இரும்பை எறிந்த கதை

அந்தக் காலத்தில், விண்மீன்கள் ஒன்றோடொன்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், தழலி என்று ஒரு விண்மீன் இருந்தாள். பெரியவள். பெரியவள் என்றால் எவ்வளவு? நம் சூரியனைப் போல இருபதைச் சேர்த்து உருட்டினால் ஒரு தழலி. அந்த உடம்பின் பாரம் அவளையே உள்ளுக்குள் அழுத்தும். அதைத் தாங்க வயிற்றில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அணைந்தால் ஆள் அவ்வளவுதான்.

அதனால் தழலி ஓயாமல் சமைத்தாள். லேசான வாயுவை எரித்தாள். அதில் மிஞ்சியதை எரித்தாள். அது கரியாயிற்று, கரியையும் விடவில்லை. கனமானதெல்லாம் அடிக்குப் போய் அடுக்கடுக்காக உட்கார்ந்தது. அக்கம்பக்கத்து விண்மீன்கள், "இன்னைக்கு என்ன அடுப்புல?" என்று கேட்டால், "உனக்கு எதுக்கு?" என்று வெடுக்கென்று திரும்பிக்கொள்வாள். அப்படி ஒரு கர்வம்! ஒரு துளி யாருக்கும் கொடுத்தவள் இல்லை.

அவளுக்குப் பக்கத்தில் மங்குலி இருந்தாள். மங்குலி விண்மீன் அல்ல, குளிர்ந்துபோன தூசியும் வாயுவுமான மேகம். தன் வயிற்றில் நாலு விண்மீன் பிறக்க வேண்டும் என்று அவளுக்குத் தீராத ஆசை. ஆனால் வான்காற்று அவளைப் பிய்த்துக்கொண்டே போனது.

"யாராச்சும் என்னை ஒரு தள்ளு தள்ளினா போதும்க்கா, எல்லாம் ஒண்ணு கூடிரும்" என்பாள். "இல்லைன்னா நான் இப்படியே கரைஞ்சு காணாமப் போயிருவேன்."

தழலி காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

கடைசியாக ஒரு நாள் அவள் அடுப்பில் இரும்பு வந்தது. இதுவரை எது வந்தாலும் எரிந்ததே, இதுவும் எரியும் என்று நினைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். இரும்பு சூடு கொடுக்கவில்லை, இருந்த சூட்டையும் தின்றது. ஒரே நாளில் நம் பூமி அளவுக்கு இரும்பு சேர்ந்துவிட்டது.

தழலி நடுங்கிப்போய், வானத்து முறைகள் எல்லாம் தெரிந்த கிழச் சிவப்பு விண்மீன் செம்மேனியாரைக் கூப்பிட்டாள்.

"ஐயா, அடுப்பு சூடே ஏற மாட்டேங்குது."

"என்னம்மா போட்ட?"

"இரும்பு."

செம்மேனியார் சொன்னார்: "அது எரியாதும்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல நீ உள்ளுக்குள்ள இடிஞ்சு வெடிச்சிருவ. முறையைக் கேட்டுக்கோ. மேல் அடுக்கை எல்லாப் பக்கமும் சமமா விட்டுரு. அடியில இருக்குற இரும்பை மட்டும் இறுக்கிப் பிடிச்சுக்கோ. உன் இதயம் சின்ன உருண்டையா இதே இடத்துல நிக்கும். உன் இடம் உனக்குத்தான்."

"பிடிக்காம ஒரே பக்கமா எறிஞ்சா?"

"எறிஞ்ச வேகத்துல இதயம் எதிர்ப்பக்கம் ஓடிரும். திரும்பி வர வழியே கிடையாது, தனியா ஓடிக்கிட்டே இருக்கணும்."

தழலிக்கு அவள் இடம் உயிர். இறுக்கிப் பிடிப்பது என்றுதான் முடிவு செய்தாள். அப்போது மங்குலி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, வலிக்குமா?"

அடுப்பில் என்ன என்றுதான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். வலிக்குமா என்று அவளை யாரும் கேட்டதில்லை.

"தெரியலடி" என்றாள் தழலி. பிறகு வாழ்நாளில் முதல்முறையாகத் தானே சொன்னாள்: "என்கிட்ட இரும்பு இருக்கு. உன் பிள்ளைகளுக்கு வேணுமா?"

"அதை வச்சு என்னக்கா பண்றது?"

"யாருக்குத் தெரியும்? எரியத்தான் லாயக்கில்லை. வேற எதுக்காவது ஆகும்."

சொல்லி முடித்த நொடியில் அவள் இடிந்தாள். கண்ணிமைப்பதற்குள் அந்தப் பூமி அளவு இரும்பு உருண்டை ஓர் ஊருக்குள் அடங்கும் இதயமாகச் சுருங்கி, அதிர்ந்து, திமிறியது. அப்பப்பா, என்ன வெடிப்பு! பால்வீதியின் மறுகோடி வரைக்கும் வெளிச்சம். தழலி பிடியை விட்டாள். இதயத்தைச் சுற்றி அடியில் மிஞ்சிக் கிடந்த இரும்பை வாரி மங்குலி பக்கம் எறிந்தாள். அது மேல் அடுக்குகளை எல்லாம் கிழித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தது. சுருக்குப்பையை உள்வெளியாகத் திருப்பியது போல அவள் வயிறு திரும்பிவிட்டது. அந்த வேகத்தில் அவள் இதயம் எதிர்ப்பக்கம் தெறித்து ஓடியது.

ஓடும்போதும் கர்வம் போகவில்லை. "மங்குலி, நான் கொடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லிராத!" என்று கத்தினாள். வானம் அவள் பேச்சை மதித்தது. வெடித்த வெளிச்சம் மங்கியதும், சிதறிக் கிடந்த மிச்சத்தின் பேரொளியை நம் கண்ணுக்குத் தெரியாத கதிராக மாற்றி மறைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எலும்பைக் காட்டுகிறதே, அந்த எக்ஸ் கதிராக.

வெடிப்பின் அலை வந்து மங்குலியைத் தள்ளியது. அவள் ஒன்று கூடினாள். வயிற்றில் விண்மீன்கள் பிறந்தன. அவற்றில் ஒன்று மஞ்சளாக இருந்தது. அதைச் சுற்றிய கல் ஒன்றில், ரொம்பக் காலம் கழித்து, நாம் பிறந்தோம். நாமோ சும்மா இருக்கிறவர்களா? எக்ஸ் கதிரைப் பார்க்கும் கண் ஒன்று செய்து காற்றுக்கு மேலே அனுப்பி, தழலியைப் போல வெடித்தவர்களின் ரகசியத்தையெல்லாம் பார்த்துவிட்டோம்.

அன்று முதல்தான், வெடித்த விண்மீன்களின் மிச்சத்தில் அடியிலிருந்த இரும்பு வெளியே கிடக்கிறது, கனமானது போன பக்கத்துக்கு எதிராக இதயம் தனியே ஓடுகிறது, நம் விரலில் முள் குத்தினால் தழலி கொடுத்த இரும்பு சிவப்பாக வெளியே வருகிறது.