சரியாகும், சரியும்

வெள்ளிக்கிழமை பகல் திண்டுக்கல்லில், மரகதவல்லி தையல் போடும் முன்னறையில் இருந்தவர்கள் நால்வர்: மரகதவல்லி, அவள் கொழுந்தன் சோமசுந்தரம், பக்கத்து வீட்டுப் பிலோமினா, பங்குத் தரகர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் காசிராமன். வந்த காபியை ஒருவரும் தொடவில்லை.

போன வருடம் இவர்களில் முதல் மூவரும் சேர்ந்து ஆளுக்கு முப்பதாகத் தொண்ணூறு பங்குகள் வாங்கினார்கள். கணக்கு மரகதவல்லி பெயரில். "அஞ்சு வருஷம் தொடமாட்டேன்" என்றார் சோமசுந்தரம். பிலோமினாவும் அதையே சொன்னாள். மரகதவல்லி மட்டும், "தை மாசம் எனக்குக் கடைக்கு அட்வான்ஸ் கட்டணும்" என்றாள். வீட்டு முன்னறையிலேயே தைத்துக் காலம் கழித்தவளுக்குக் கடைவீதியில் ஒரு கடை அமைவது பெரிய காரியம்.

தை பிறந்தது, விலை விழத் தொடங்கியது. ஒரு நாள் கொஞ்சம் ஏறும், மறுநாள் அதைவிட இறங்கும். கடைச் சொந்தக்காரர் கொடுத்த கெடு சனிக்கிழமை. வியாழனன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. காசிராமனுக்குப் போன் போட்டாள்.

"என்ன தம்பி இது?"

"கரெக்‌ஷன்க்கா. ஏறின விலை கொஞ்சம் இறங்கி நிக்கறது. சரியாகும்."

நடு ஓசையைத் தையல் இயந்திரத்தின் இரைச்சல் தின்றுவிட்டது. அவள் காதில் விழுந்தது 'சரியும்'.

"அப்போ வித்துடுங்க. எல்லாத்தையும்!"

நல்ல வார்த்தை சொன்னதற்கு ஏன் விற்கச் சொல்கிறாள் என்று காசிராமன் கேட்கவில்லை. எண்பத்து மூன்று பங்குகள் விற்றன. ஏழுக்கு அவர் வைத்த விலையில் வாங்க ஆள் இல்லை. வெள்ளி காலை விலை பழைய இடத்துக்கே துள்ளி ஏறியது.

"உங்க பதற்றத்துக்கு எங்க பங்கை ஏன் அண்ணி வித்தீங்க? நட்டத்தை அந்த அட்வான்ஸ் பணத்துலேர்ந்து எடுத்து வையுங்க" என்றார் சோமசுந்தரம்.

"சரியும்னு இவர்தானே சொன்னார்!"

"சரியாகும்னுதான்க்கா சொன்னேன்" என்றார் காசிராமன். "கணக்கு உங்க பேர்ல. விக்கச் சொன்னீங்க, வித்தேன். இவங்க பங்கும் அதுல இருக்குன்னு இன்னிக்குத்தானே தெரியும்?"

"கரெக்‌ஷன்னா தப்பைத் திருத்தறதுன்னு எங்க டீச்சர் சொன்னாங்க" என்றாள் பிலோமினா. "நீங்க என்னத்தைய்யா திருத்தினீங்க?"

விலை விழுந்த நாட்களில் தூக்கம் போனதும் மரகதவல்லிக்கு. ஏறிய அன்று ஏச்சும் அவளுக்கு. அந்தப் பணத்தைத் தொட்டால் கடை போகும். தொடாவிட்டால் உறவு போகும்.

கேட்டவர்களே, அவள் விற்றது சரியா? நட்டத்தை அட்வான்ஸ் பணத்திலிருந்து தர வேண்டுமா?

விடை: விற்றதில் முப்பது சரி, ஐம்பத்து மூன்று தவறு. நாள் குறித்த பணம் ஏறி இறங்கும் இடத்தில் இருக்கலாகாது. தை பிறக்கும் முன்பே எடுத்திருக்க வேண்டும். ஆனாலும் மறுநாள் விலை ஏறியதால் தன் முப்பதை விற்றது தப்பாகிவிடாது. மற்ற இருவருக்கும் இன்னும் நாலு வருடம் இருந்தது. இந்தச் சரிவு அவர்களை ஒன்றும் செய்யாது. அவர்களைக் கேட்காமல் விற்றது, விலை மேலும் விழுந்திருந்தாலும் தவறே. அந்த நட்டம் அவள் பொறுப்பு. ஆனால் புதுக் கடையில் தைத்துத் தரட்டும். கடையைக் கெடுத்தால் தருவதற்கு வழியே இராது. காசிராமனையும் விடுவதற்கில்லை: சரியாகும் என்பதும் சரியும் என்பதும் எவராலும் முன்கூட்டிச் சொல்லக்கூடியவை அல்ல. விற்காமல் நின்ற ஏழு, மற்ற இருவருக்கும் உரியவை. ஆளுக்கு மூன்று. மீதி ஒன்றுக்கு அடுத்த சண்டை.