தீபாவளிப் பத்தியம்

தீபாவளி அன்று காலை பத்து மணிக்குச் சிவசைலம் கொதித்துப்போய் வைத்தியர் மரகதவல்லியின் வீட்டுக்குள் நுழைந்தார். நல்ல நாளும் அதுவுமாக ஒரு வார்த்தை விசாரிக்கக்கூட இல்லை.

மரகதவல்லிக்கு நாற்பது வயது, சிவசைலத்துக்கு அறுபது. ஆனாலும் குரு அந்த அம்மாள்தான். நெஞ்சுவலி வந்து பிழைத்த நாளிலிருந்து, இரண்டு வருஷமாக அவரிடம் சித்த வைத்தியம் படிக்கிறார் சிவசைலம். படித்ததையெல்லாம் காட்டுவது வீட்டு ஆட்களிடம்தான்.

இந்தத் தீபாவளிக்கு வீட்டில் நாலு பத்தியம் போட்டிருந்தார். எண்பத்திரண்டு வயது அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, அதனால் உப்பில்லாமல். தலைதீபாவளிக்கு வந்திருக்கும் மருமகனுக்குச் சர்க்கரை, அதனால் தினையும் கேழ்வரகும். மாசமாக இருக்கும் மகளுக்குப் பால் சேர்த்துத் தனியாக. தனக்கு எண்ணெய் படாமல். எல்லாம் சுடச்சுட, அந்தந்த நேரத்துக்கு. பண்டிகை வந்தால் ஊரே தின்று தின்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கும், என் குடும்பம் படுக்காது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார் மனுஷர்.

அப்படி இருக்க, பக்கத்து வீட்டிலிருந்து வந்த பலகாரத் தட்டில் அப்பா மூன்று முறுக்கை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாராம். மருமகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதிரசம் தின்றானாம். இதைப் பார்த்துக்கொள்ளக்கூட உனக்கு நேரமில்லையா என்று மனைவி கோமதியைப் பிடித்து விளாசிவிட்டு நேராக இங்கே வந்திருந்தார்.

“சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சும்மா. ஒரு குடும்பத்தை நோய் நொடி இல்லாம எப்படித்தான் காப்பாத்துறது?”

மரகதவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினார்.

வீட்டில் வரிசையாக நாடி பார்த்தார். அப்பாவுக்கு நன்றாக இருந்தது. மருமகனுக்கும் மகளுக்கும் குறையில்லை. சிவசைலத்தின் கையையும் பிடித்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை சிவசைலத்துக்கு. பரீட்சையில் தேறிய பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மதினி எங்கே?” என்று கேட்டார் மரகதவல்லி.

“அடுப்படியில இருப்பா. அவளுக்கு என்னம்மா, அவ கல்லு மாதிரி.”

மரகதவல்லி எழுந்து அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே சிவசைலமும் போனார். அடுப்பில் மூன்று பாத்திரம், மேடையில் ஆறு. கோமதி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். மரகதவல்லி அவளை இழுத்து நாற்காலியில் உட்காரவைத்து இடது கையில் நாடி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

“கடைசியா எப்போ சாப்பிட்டீங்க, மதினி?”

கோமதி யோசித்தாள். முந்தின நாள் மத்தியானம் மோர் குடித்தது நினைவு வந்தது. அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டாள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. தலை சுற்றுகிறதா என்று கேட்டதற்கு, கொஞ்சம் என்றாள். திங்கட்கிழமை குளியலறையில் விழுந்துவிட்டாளாம். நல்ல நாள் நெருங்கி வருகிறதே என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

சிவசைலத்துக்குச் சுருக்கென்றது. அதற்கும் அவருக்குக் கோபம்தான் வந்தது. வைத்தியம் படித்தவன் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது மூடி மறைத்தால் என்ன அர்த்தம்?

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

கோமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் பார்த்திராத பார்வை.

“சொன்னா எனக்கும் ஒரு பத்தியம் எழுதுவீங்க. அதையும் நான்தானே சமைக்கணும்?”

மரகதவல்லி போய் அடுப்பு மூன்றையும் அணைத்தார். முகம் சிவந்திருந்தது. அவருக்கு இத்தனை கோபம் வந்து சிவசைலம் பார்த்ததில்லை. மேடையில் இருந்த இட்லியில் இரண்டை எடுத்துப் பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, கோமதி கையில் கொடுத்து, இதைத் தின்று முடிக்காமல் எழுந்தால் நானும் இங்கிருந்து நகரமாட்டேன் என்றார். பிறகு மருமகனைக் கூப்பிட்டு, காரை எடு, பெரிய ஆஸ்பத்திரியில் இன்றைக்கே ரத்தம் பார்த்தாக வேண்டும், என் கஷாயமெல்லாம் அப்புறம் என்று சொன்னார்.

கோமதி தின்னத் தொடங்கினாள். அதை அவள் புருஷன் பார்த்துக்கொண்டே நின்றார்.

“திரும்பி வந்த பிறகு இவளுக்கு என்ன மருந்தும்மா?” என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

“ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், மதினி இந்த அடுப்படி வாசலை மிதிக்கக் கூடாது. பசிச்சா உட்கார்ந்த இடத்துல சோறு வரணும்.”

சிவசைலம் வாசலில் வந்து நின்ற மகளைப் பார்த்தார். நிறை வயிறு. கூடத்தில் இருந்த அப்பாவைப் பார்த்தார். பிறகு மேடையில் இருந்த ஆறு பாத்திரத்தையும் பார்த்தார்.

“எனக்குச் சமைக்கத் தெரியாதேம்மா.”

“நாலு பத்தியம் சொல்லத் தெரிஞ்சுதே, அண்ணாச்சி.”